கொன்றை எந்த மாதம் பூக்கிறது?

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

போன மாரியில் வன்னிப் பிள்ளைகள் சிலருக்கு ஹைக்கூ என்ற ஜப்பானிய மூன்று வரிக் கவிதையைச் சொல்லிக்கொடுக்கப் போனேன். எழுதித் தந்த தாள்களைப் பார்த்தால், பாதிக்கு மேல் செர்ரிப் பூ. குளக்கட்டில் மருதும் வேலியில் கார்த்திகைப் பூவும் கண்டு வளர்கிற பிள்ளைகள் அவர்கள்.

ஜப்பானியர் செர்ரியைப் பாடுவது இயல்பு. அவர்கள் கவிதையில் வெறுமனே 'பூ' என்றாலே செர்ரிதான், காலம் வசந்தம்தான். ஹைக்கூவில் பருவத்தைக் காட்ட ஒரு சொல் வேண்டும் என்பது அவர்கள் மரபு. அதைக் 'கிகோ' என்பார்கள். எந்தச் சொல் எந்தப் பருவத்துக்கு உரியது என்று தொகுத்த நூல்களே அங்கு உண்டு. நம்மவர்கள் 5, 7, 5 என்ற அசைக் கணக்கைப் பற்றியே கூடுதலாகப் பேசுகிறோம். எனக்கு அந்தப் பருவச் சொல்தான் பெரிது.

1703 முதல் 1775 வரை வாழ்ந்த சியோ-நி என்ற பெண் கவிஞரின் கவிதை ஒன்று. கிணற்று வாளியைப் பூங்கொடி சுற்றிப் பிடித்துவிட்டது. அயலில் தண்ணீர் கேட்டு வாங்குகிறாள். அவ்வளவுதான். கொடியை அறுக்க மனம் வரவில்லை என்பதை அவள் சொல்லவேயில்லை. காலையில் மலரும் அந்தப் பூ அங்கே இலையுதிர்காலத் தொடக்கத்துக்கு உரியது. வாசிப்பவருக்கு மாதமும் தெரிந்துவிடும், பொழுதும் தெரிந்துவிடும்.

நமக்கும் இது பழைய வித்தைதான். குறுந்தொகை 66ஆம் பாட்டில், கார்காலத்தில் வருவதாகச் சொன்னவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது. தோழி என்ன செய்கிறாள்? 'இந்தக் கொன்றைக்கு அறிவில்லை, காலந்தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டது' என்கிறாள். தலைவி கலங்கக்கூடாது என்பதற்காகப் பழியை மரத்தின் மேல் போடுகிற அந்த அன்பை எத்தனை தரம் படித்தாலும் எனக்கு நெஞ்சு இளகும்.

ஆனால் நம்முடைய காட்டோரக் கொன்றை மஞ்சளாய்த் தொங்குவது சித்திரை வெயிலில், பாலைப்பழம் பழுக்க முன்னம். மாரியைச் சொல்ல வருவது கார்த்திகைப் பூ. வன்னியில் இருந்துகொண்டு கொன்றையை மழைக்காலத்தில் வைத்து எழுதினால் அதுவும் இரவல் பூதான்.

பிள்ளைகளிடம், "இன்றைக்கு வந்த வழியில் என்ன பூத்திருந்தது?" என்று மட்டும் கேட்டேன். மாரி மழையை நம்பி நெல் விதைக்கிற காலபோக விதைப்பு நடந்த நாட்கள். ஒரு சிறுமி எழுதினாள்:

வேலியில் கார்த்திகைப் பூ
வாசலில் அப்பாவின் மண்வெட்டி
இன்னும் காயாத சேறு

"மழை எண்டும் ஒரு சொல் போடவா, சேர்?" என்று கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை" என்றேன்.