வாழைப்பூ ஆயும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் பதினெட்டு வருடமாகச் சைவ உணவகம் நடத்தி வருகிறேன். காலையில் டிபன், மதியம் சாப்பாடு, இரவு மறுபடியும் டிபன். என்னையும் குடும்பத்தையும் சேர்க்காமல் 22 பேர் வேலை செய்கிறார்கள். எந்த அயிட்டத்தை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது, அதில் ஆள் செலவை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கணக்கை நான் ஒருமுறை தப்பாகப் போட்டிருக்கிறேன். அதையே முதலில் சொல்கிறேன்.

எங்கள் கடையில் வாழைப்பூ வடை பேர் போனது. அதைச் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாத ஒரு வேலை அதற்குப் பின்னால் இருக்கிறது. மடலை உரித்து, உள்ளே இருக்கும் பூக்களைச் சீப்புச் சீப்பாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு பூவிலும் தலையில் குண்டூசி போல் ஒரு நரம்பு நிற்கும். சில ஊர்களில் அதைக் கள்ளன் என்பார்கள். பக்கத்திலேயே கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சின்னச் செதில். இரண்டையும் கிள்ளி எடுக்காவிட்டால் எவ்வளவு அரைத்தாலும் வாயில் தட்டும். ஆய்ந்த பூவை உடனே மோரில் போடாவிட்டால் கறுத்துவிடும். ஆய்கிறவர் விரல் எப்படியும் கறுக்கும், எண்ணெய் தடவிக்கொண்டாலும் நகக்கண்ணில் கறை நிற்கும். கை பழகிய ஆளுக்கே ஒரு முழு வாழைப்பூவுக்கு 25 நிமிடம் ஆகிறது. ஒரு பூவுக்கு 20 வடை வரும்.

இரண்டு அக்காமார் தினமும் பத்துப் பூ ஆய்வார்கள். ஒருநாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். 250 நிமிடம்.

நிமிடத்துக்கு என்ன விலை? சம்பளத்தை மட்டும் எடுத்து வகுத்தால் சரியாக வராது. எங்கள் சமையல்கட்டில் சராசரிச் சம்பளம் 18,000 ரூபாய். அதற்கு மேல் முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., கணக்குக்கு எடுக்கும் 15,000 ரூபாய்க்கு மட்டும் 12 சதவீதம், அதாவது 1,800. இ.எஸ்.ஐ. முழுச் சம்பளத்துக்கும் 3.25 சதவீதம், 585. சாப்பாடும் தங்கும் அறையும் 3,500 வரை வருகிறது. தீபாவளி போனஸை மாதத்துக்குப் பிரித்தால் 1,100. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 25,000. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி. மணிக்கு 120 ரூபாய், நிமிடத்துக்கு இரண்டு ரூபாய். இதை ஒருமுறை போட்டுப் பார்க்காமல் எந்த உணவக முதலாளியும் விலைப் பலகை எழுதக் கூடாது என்பது என் எண்ணம். பலர் அரிசி, பருப்பு, எண்ணெய் விலையைப் பைசா சுத்தமாகச் சொல்வார்கள். ஆள் செலவைக் கேட்டால் "மாசம் இவ்வளவு போகுது" என்பதோடு நின்றுவிடுவார்கள்.

சரி, 250 நிமிடம் என்றால் தினம் 500 ரூபாய். மாதம் 15,000. பூ ஆய்வதற்கு மட்டும்! பார்த்ததும் திக்கென்றது. மறுநாளே வாழைப்பூ வடையை எடுத்துவிட்டேன்.

மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலைப் பார்த்தால், போன மாதம் எவ்வளவோ அவ்வளவேதான். 15,000 எங்கேயும் மிச்சமாகவில்லை. எப்படி மிச்சமாகும்? அந்த இரண்டு பேரும் மாதச் சம்பளக்காரர்கள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளம் உண்டு, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் 15 ரூபாய்க்கு விற்ற வடையில், பொருளுக்கு 4 ரூபாய் போக நின்ற 11 ரூபாய் போய்விட்டது. நாளுக்கு 200 வடை. உளுந்து வடை கொஞ்சம் கூடுதலாகப் போனது, ஆனால் ஈடுகட்டவில்லை. அந்த மாதம் மூத்த அக்கா என்னிடம் வந்து, "தம்பி, சும்மா உக்காந்துட்டுச் சம்பளம் வாங்க எனக்கு மனசு ஒப்பலைங்க. பூவையே குடுங்க, ஆஞ்சு தர்றேன்" என்றார். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. ஒருவருடைய வேலையை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் எடுத்திருக்கக் கூடாது.

ஒரு அயிட்டத்தை நிறுத்தினால் கூலி தானாகக் குறையாது. மிச்சமாகும் நேரத்துக்கு வேறு வேலை இருந்தால், இல்லை ஓவர்டைம் குறைந்தால், இல்லை புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டிய தேவை நின்றுபோனால் மட்டும்தான் அது லாபம். அப்புறம் இன்னொன்றும் புரிந்தது. நிமிடம் எல்லாம் ஒரே விலை இல்லை. மதியம் மூன்று மணிக்கு ஒரு நிமிடமும் இரவு எட்டரை மணிக்கு ஒரு நிமிடமும் ஒன்றாகாது.

நம் ஊர் தட்டுவடை செட் கடையை நினைத்துப் பாருங்கள். பீட்ரூட், கேரட் துருவுவது, வெங்காயம் அரிவது, பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி அரைப்பது எல்லாம் கை நோகிற வேலை. ஆனால் அது மதியமே வீட்டில் முடிந்துவிடும். தட்டை வேறு இடத்திலிருந்து தயாராக வருகிறது. சாயங்காலம் தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்போது, தட்டையில் சட்னி தடவி, துருவலை வைத்து, மேலே இன்னொரு தட்டையை மூடிக் கொடுக்க அரை நிமிடம் போதும். வேலை நிறைய உள்ள பண்டம்தான், ஆனால் வேலை கூட்ட நேரத்தில் வருவதில்லை. இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் பாடம் சொன்னதில்லை.

இதை வைத்து என் கடையைத் திரும்பிப் பார்த்தேன். இரவில் எங்களுக்கு நெருக்கடி தோசைக் கல்லில்தான். ஒரு கல்லில் நாலு விழும். சாதா தோசை இரண்டரை நிமிடத்தில் எடுத்துவிடலாம். வெங்காய ஊத்தாப்பம் தடிமனாக இருப்பதால் மெதுவாக வேக வேண்டும், திருப்பிப் போட வேண்டும், ஆறு நிமிடம் பிடிக்கும். கல்லில் ஒரு தோசை விழும் இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு 24 தோசை, இல்லாவிட்டால் 10 ஊத்தாப்பம். தோசை 60 ரூபாய் என்றால் 1,440. ஊத்தாப்பம் 80 ரூபாய் என்றால் 800. விலைப் பலகையில் ஊத்தாப்பம் பெரிதாகத் தெரிந்தது. அந்த ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் அதுதான் கல்லையும் மாஸ்டரையும் கட்டிப் போட்டது. வெளியே டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்கள் திரும்பிப் போனதற்கும் அதுவே காரணம். இப்போது இரவு ஏழரை முதல் ஒன்பது வரை ஊத்தாப்பம் கிடையாது. வயதானவர்கள் கேட்டால் மட்டும் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். முறுகல் தோசையைக் கடிக்க முடியாதவருக்கு இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வராது.

படித்தவர்கள் இதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். 1982ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசவானா, ஸ்மித் என்ற இருவர் அயிட்டங்களை நாலு கட்டமாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் எவ்வளவு விற்கிறது, மறுபக்கம் ஒன்றுக்கு எவ்வளவு நிற்கிறது. 20 அயிட்டம் இருந்தால் ஒன்றின் சராசரிப் பங்கு 5 சதவீதம். அதில் 70 சதவீதத்தை, அதாவது 3.5 சதவீதத்தைத் தொட்டாலே நன்றாகப் போகும் அயிட்டம் என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல முறை, நானும் வருடம் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். ஆனால் அதில் 'நிற்கிறது' என்பது விலையில் பொருள் செலவைக் கழித்த மீதி மட்டும்தான். பூ ஆய்ந்த விரல் அந்தக் கட்டத்தில் வராது, கல்லில் பிடித்த இடமும் வராது. அவற்றை நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏற்காட்டில் சிறிய உணவகம் வைத்திருக்கும் நண்பருக்குக் கதை வேறு. சனி ஞாயிறில் மலை முழுக்கக் கார், மே மாதக் கோடை விழாவில் கேட்கவே வேண்டாம். செவ்வாய், புதன் என்றால் ஈ ஓட்ட வேண்டியதுதான். அவர் இரண்டு விலைப் பலகை வைத்திருக்கிறார். கூட்ட நாளில் தக்காளி சாதம், பிரிஞ்சி, தயிர் சாதம் என்று அண்டாவில் இறக்குவது. கூட்டமில்லாத நாளில் இடியாப்பம், அடை. கீழே எங்களுக்கும் ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் பாதிப் பேர் விடுப்பு கேட்பார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த வாரம் பலகையை நாங்களும் சுருக்கிவிடுவோம்.

வாழைப்பூ வடை திரும்ப வந்துவிட்டது. முன்பு காலை பத்து மணிக்கு, சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்கிற அதே நேரத்தில் பூவையும் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு வேலையும் இடித்துக்கொண்டு, மதியச் சாப்பாடு தாமதமாகும். இப்போது மூன்று மணிக்கு மேல், சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆய்கிறார்கள். பூ மோரில் கிடந்து ஃப்ரிட்ஜில் இருக்கும், மறுநாள் வடையாகும். தினமும் போடாமல் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் போடுகிறோம், விலை 18 ரூபாய். அந்த இரண்டு நாளும் வடை பன்னிரண்டரைக்கே தீர்ந்துவிடுகிறது. மற்ற நாள் மதியத்தில் அக்காமார் மறுநாளைக்கான வெங்காயத்தை உரித்து வைத்துவிடுவதால் காலை ஓவர்டைம் நின்றுவிட்டது. மிச்சம் வந்தது அங்கேதான்.

இப்போது மூத்த அக்கா ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். நம் மாவட்டத்தில் மரவள்ளிக் கிழங்குக்கா பஞ்சம், மரவள்ளி அடை போடலாமே என்கிறார். தோல் உரித்துத் துருவ வேண்டும், கையில் துருவினால் தோள் கழன்றுவிடும். அடையும் கல்லில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கும். அதனால் இரவுப் பலகையில் அதற்கு இடமில்லை, மாலை நாலு முதல் ஆறு வரை காபியோடு கொடுக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். துருவுகிற மெஷின் ஒன்று பார்க்க அடுத்த வாரம் கடைவீதிக்குப் போகிறேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் கையில் எடுத்துப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வாங்குவேன்.

நன்றி, வணக்கம்.