பாலம் வந்தும் பெர்ரி ஓடுகிறது

நேயர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் பயணம் எப்போது மாறியது என்று கேட்டால், நான் 1985 என்பேன். அந்த ஆண்டுதான் எம்.வி. சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, நாள்கணக்கில் கடலில் வந்து இங்கே இறங்கிய காலம் அத்தோடு முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் 13.5 கிலோமீட்டர் பாலம் திறந்தது. தமிழ்நாட்டுப் பயணிகள் விமானத்துக்குப் போனார்கள். பெருநிலக் கரையில் இருக்கும் பட்டர்வொர்த் பயணிகள் காருக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் போனார்கள். 2024 டிசம்பரில் சென்னைக்கு நேரடி விமானமும் வந்தது!

அப்படியானால் பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே ஓடும் பெர்ரிக்கு என்ன வேலை? 2014-இல் 24 கிலோமீட்டருக்கு இரண்டாம் பாலமும் வந்துவிட்டது. பழைய பெர்ரிகள் கார் ஏற்றுவது 2020 முடிவோடு நின்றது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகளில் நடந்து வருபவர்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் மட்டுமே இடம். அவை இன்றும் ஓடுவதற்குக் காரணம் ரயில் என்பது என் கருத்து. 2015 முதல் இடிஎஸ் மின்ரயில் கோலாலம்பூரிலிருந்து சுமார் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த் வந்துவிடுகிறது. ரயில் நிலையம், வெளியூர் பஸ்கள் நிற்கும் பினாங்கு சென்ட்ரல், பெர்ரி முனையம் மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்து ஏறலாம். பத்து நிமிடத்தில் அக்கரை.

அக்கரையில் இறங்கிய பிறகுதான் சிக்கல். ஜெட்டியிலிருந்து வீடு வரை எப்படிப் போவது? 2019 முதல் இரு பாலங்களிலும் மோட்டார்சைக்கிளுக்கு டோல் கிடையாது. வாசலில் கப்சாய் மோட்டார்சைக்கிள் நிற்கும்போது வெயிலில் பஸ்ஸுக்கு நிற்க யாருக்கு மனம் வரும்? நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தீவில் தொழிற்சாலைகள் நிறைந்த பாயான் லெப்பாஸின் பாக்டரி பஸ்களைப் பாருங்கள். ஷிப்ட் நேரத்துக்குத் தாமான் (குடியிருப்பு) முனைக்கே வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. பெருநிலத்தில் பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் விடிவதற்குள் சாலையோரம் சீருடையில் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பொதுப் போக்குவரத்து என்று பேச ஆரம்பித்தால் இவற்றை ஏனோ மறந்துவிடுகிறோம். ஆள் இருக்கும் இடத்துக்கு வண்டி வந்தால் மக்கள் ஏறத்தான் செய்கிறார்கள்.

2025 ஜனவரியில் முத்தியாரா எல்ஆர்டி என்ற இலகு ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். பாயான் லெப்பாஸ் பக்கத்தை ஜார்ஜ்டவுன் நகரின் கொம்தார் கோபுரத்தோடு இணைத்து, கடலையும் தாண்டி பினாங்கு சென்ட்ரல் வரை போகும் திட்டம். ரயில் எவ்வளவு வேகம் என்பதை விடுங்கள். நம் தாமானிலிருந்து ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். பாதை கட்டி முடிக்கும் முன்பே கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.