இடது கைப் பழக்கம் உள்ளவங்க துப்பாக்கியை எந்தத் தோள்ல வைக்கணும்?

அடுத்த கேள்விக்கு வருவோம். தக்கலைப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "எனக்கு எல்லாமே இடது கைதான். என்.சி.சி. முகாம்ல .22 துப்பாக்கி சுடும்போது வலது தோள்ல வைன்னுட்டாங்க, ஒரு குண்டும் சரியா விழல. நாளைக்கு ராணுவத்துக்குப் போனா இதைச் சொல்லி என்னைக் கழிச்சிருவாங்களா? இடது தோள்ல சுட விடுவாங்களா?"

முதல்ல பயத்தை விடுங்க மக்களே. இடது கைப் பழக்கம்னு சொல்லி யாரையும் கழிக்கிறதில்ல. ஆள் எடுக்கும்போது ஓட்டம், உடல் தகுதி, மருத்துவம், எழுத்துத் தேர்வு, இதுதான். அங்க யாரும் உங்க கையில துப்பாக்கியைத் தந்து சுடச் சொல்லப்போறதில்ல. அது பயிற்சியில வாற விஷயம்.

ரெண்டாவது, எந்தக் கையால சோறு திங்கீங்கங்கறது இங்க பெரிய விஷயமே இல்ல. எந்தக் கண்ணு குறி பாக்குதுங்கறதுதான் விஷயம். மாஸ்டர் ஐ-ன்னு சொல்லுவாங்க. இதை இப்பவே பாத்திரலாம். ரெண்டு கையையும் நேரா நீட்டி, ரெண்டு உள்ளங்கையும் சேர்ந்து நடுவுல ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை வாற மாதிரி வையுங்க. ரெண்டு கண்ணும் திறந்தே இருக்கணும். அந்த ஓட்டை வழியா தூரத்துல ஒரு தென்னங்கொண்டையைப் பாருங்க, முட்டத்துக்காரங்கன்னா லைட் ஹவுஸைப் பாருங்க. இப்போ இடது கண்ணை மூடுங்க. தென்னை ஓட்டைக்குள்ளயே நின்னா உங்களுக்கு வலது கண்ணு மாஸ்டர். தென்னை மறைஞ்சு போனா இடது கண்ணு. ஒரு தடவை பாத்துட்டு முடிவு கட்டாதீங்க, கையைக் கீழ போட்டுப் போட்டு அஞ்சாறு தடவை பாருங்க.

இடது கை, ஆனா வலது கண்ணுன்னு நிறைய பேருக்கு இருக்கும். அவங்க யோசிக்கவே வேண்டாம், வலது தோள்லயே பழகிக்கிடலாம். ட்ரிகரை அழுத்துறது விரல் நுனி வேலை, அது சீக்கிரம் வந்திரும். இடது கை, இடது கண்ணு ரெண்டும் சேந்து வந்தாத்தான் சங்கடம். அந்த ஆளை வலது தோள்ல வைக்கச் சொன்னா, தலையைத் துப்பாக்கிக்கு மேல சாய்ச்சு இடது கண்ணால பாக்கப் பாப்பாரு. கன்னம் ஒரு குண்டுக்கு ஒரு இடத்துல உக்காரும். குண்டு குறிப் போர்டு முழுக்கச் சிதறும். தம்பிக்கு நடந்தது அனேகமா இதுதான். அப்படி இருந்தா இடது தோள்ல சுட அனுமதி கேளுங்க. பயிற்சி தர்ற உஸ்தாத்கிட்ட முதல் நாளே சொல்லணும். ரேஞ்சுல, அதாவது சுடுற இடத்துல, படுத்த பொறகு சொல்லக்கூடாது.

ஆனா ஒண்ணு. துப்பாக்கி நமக்காக மாறாது. நம்ம ஊர்ல ரப்பர் பால்வெட்டு தெரியும்லா? இடது மேல இருந்து வலது கீழ சரிச்சுத்தான் வெட்டணும், பால் குழாய் மரத்துக்குள்ள சாஞ்சு போறது அப்படி. வெட்டுறவன் இடது கைக்காரன்னு மரம் திரும்பி நிக்காது. அதே கதைதான்.

.22-ல போல்ட், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் இழுத்துத் தள்ளுற பிடி, வலது பக்கம் இருக்கு. இடது தோள்ல வச்சவங்க செய்யுற தப்பு, இடது கையைப் பிடியில இருந்து எடுத்து மேல வளைச்சுப் போல்டை இழுக்குறது. கன்னம் எழும்பிரும், துப்பாக்கியோட பின்கட்டை (பட்) தோள்ல இருந்து நழுவிரும், ஒவ்வொரு குண்டுக்கும் புதுசா குறி பிடிக்கணும். சரியான வழி இது: முன்பக்கத்தை மணல் மூட்டையில நல்லா உக்கார வையுங்க. இடது கை பிடியிலயே இருக்கட்டும், விரல் ட்ரிகர் கார்டுக்கு வெளிய. முன்னால தாங்குற வலது கையை மட்டும் எடுத்துப் போல்டைத் தூக்கு, இழு, தள்ளு, மடக்கு. கன்னம் அசையாது.

நம்ம ராணுவத்து இன்சாஸ் துப்பாக்கில காக்கிங் ஹேண்டில் (முதல் குண்டை ஏத்த இழுக்குற பிடி) இடது பக்கம், சேஞ்ச் லீவரும் (சேஃப்ல போடுற, எடுக்குற லீவர்) இடது பக்கம். வலது கைக்காரன் கட்டைவிரலால தட்டுற லீவரை நீங்க ஆள்காட்டி விரலால தட்டணும். கவனம் இங்கதான் வேணும். அதே விரல்தான் ட்ரிகருக்கும் போறது. லீவரைத் தட்டின வேகத்துல விரல் உள்ள போயிரக்கூடாது. தட்டு, விரலை நீட்டு, நிறுத்து, அப்புறம் குறி. குண்டு இல்லாம இதை நூறு தடவை செய்யணும். ஏ.கே. துப்பாக்கில கொஞ்சம் வசதி, காக்கிங் ஹேண்டில் வலது பக்கம் இருக்கதால, தாங்குற வலது கையாலயே இழுத்திரலாம். ஆனா சுடும்போது அந்த ஹேண்டில் முன்னும் பின்னும் ஓடும், கை அது பக்கத்துல இருக்கக்கூடாது.

அப்புறம் காலி கேஸ், குண்டு போன பொறகு வெளிய வாற வெறும் உறை, ரேஞ்சுல கோக்கான்னு சொல்லுவாங்க. அது வலது பக்கமா தெறிக்கும். நமக்கு முகமும் வலது பக்கம்தான் இருக்கு, வலது கையும் அங்கதான். சூட்டோட முழங்கை மடிப்புல விழும், காலருக்குள்ள போகும். சட்டைக் கையை இறக்கி விடுங்க, காலர் பட்டனைப் போடுங்க, கண்ணாடி கட்டாயம். போல்ட்ல எண்ணெய் அதிகமா இருந்தா அதுவும் கேஸோட கண்ணுக்குத் தெறிக்கும், அதனால நல்லா துடைச்சிருங்க. சூடு பட்டா கையை உதறாதீங்க! உதறினா குழல் பக்கத்து ஆள் மேல திரும்பும். விரலை வெளிய எடுத்து, லீவரை சேஃப்ல போட்டுட்டு அப்புறம் பாருங்க. ஒரு லாபமும் உண்டு: கேஸ் சிக்கினா, அது வெளிய வாற வாய் நம்ம முகத்துக்கு நேரா இருக்கதால உடனே தெரியும்.

அமெரிக்கக்காரன் எம்16ஏ2 துப்பாக்கில கேஸ் வாய்க்குப் பின்னால ஒரு சின்னத் திமில் வச்சதும் இதுக்குத்தான், இடது தோள்காரன் முகத்துல அடிக்காம இருக்க. பிரிட்டிஷ்காரனோட எஸ்.ஏ.80 துப்பாக்கில கேஸ் வாய் கன்னத்துகிட்ட வருது, இடது தோள்ல வைக்கவே முடியாது. அங்க எல்லாரும் வலதுதான், வேற பேச்சே கிடையாது.

படுத்துச் சுடும்போது இன்னொரு விஷயம். வலது கைக்காரங்க கால் இடது பக்கம் சாயும், நம்ம கால் வலது பக்கம் சாயும். நடுவுல படுத்தா வலது பக்கத்து ஆளோட கால் இடிக்கும். அதனால வரிசையில வலது ஓரத்து இடத்தைக் கேட்டு வாங்குங்க.

போர்டு பாக்குறவங்களும் ஒண்ணு கவனிக்கணும். ட்ரிகரை வெடுக்குன்னு இழுத்தா குண்டு குறியை விட்டு ஒரு பக்கமா விலகும், வலது கைக்காரனுக்கு விலகுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா இடது கைக்காரனுக்கு விலகும். அதைப் பாத்துட்டு, குறி பாக்குற சைட்டைத் திருப்பாதீங்க. அஞ்சு குண்டும் ஒரே இடத்துல கூட்டமா விழுந்தா மட்டும் சைட்டைத் தொடலாம், சிதறினா கோளாறு விரல்லயும் கன்னத்துலயும்தான் இருக்கு.

வீட்டுல பழகணும்னா வாரியல் கம்பு போதும். தோள்ல வச்சு, கன்னத்தை ஒரே இடத்துல உக்கார வச்சு, கண்ணை மூடித் திறந்து பாருங்க. திறக்கும்போது கம்பு நுனி நீங்க நினைச்ச இடத்துலயே நிக்கணும். நிக்கலன்னா கையால தள்ளாதீங்க, இடுப்பையும் முழங்கையையும் நகத்திப் படுத்துப் பாருங்க.