தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் கியர் பாக்ஸைப் பாருங்கள்

[திரையில்: தருமபுரி நான்கு ரோடு, மாலை நேர நெரிசல்]

வணக்கம். முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாத அப்பா, இப்போதுதான் ஓட்டப் பழகும் அம்மா, தினமும் ஓசூருக்கு வேலைக்குப் போய்வரும் பிள்ளை. இப்படி வீட்டில் யாருக்காகவோ ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் கார் தேடுகிறீர்கள். புதுக் காருக்குப் பணம் போதாது. பழையதை வாங்கினால் ரிப்பேர் செலவு கழுத்தை நெரிக்குமோ என்ற பயமும் இருக்கிறது. நியாயமான பயம்தான். கார் பெயரைக் கேட்பதற்கு முன்னால் கியர் பாக்ஸ் எந்த வகை என்று கேட்டால் அந்தப் பயத்தில் பாதி குறைந்துவிடும்.

ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் விற்றாலும், ஏ.எம்.டி., டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி., இரட்டை கிளட்ச் என்று நான்கு வகை ஓடுகின்றன. நம் ஊரில் வைத்துப் பராமரிக்க என் முதல் தேர்வு ஏ.எம்.டி.

[திரையில்: ஏ.எம்.டி. கியர் பாக்ஸின் உள்பக்கம்]

ஏன் என்றால், அதில் இருப்பது மேனுவல் காரில் இருக்கும் அதே கியர் பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். நம் காலும் கையும் செய்கிற வேலையை மட்டும் ஆக்சுவேட்டர் செய்கிறது. பெரும்பாலும் ஒரு சின்ன மோட்டார் ஆயிலில் அழுத்தம் ஏற்றி கிளட்சை விலக்கும், கியரை மாற்றும். எப்போது மாற்றுவது என்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்யும். இந்தியாவில் இதை முதலில் கொண்டுவந்த கார் 2014-இல் வந்த மாருதி செலேரியோ. அப்புறம் ஆல்டோ கே10, வேகன் ஆர், 2017-இல் டாடா டியாகோ, 2018-இல் ஹூண்டாய் சான்ட்ரோ என்று வரிசையாக வந்தன.

கிளட்ச் தேய்ந்துபோனால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மாற்ற வேண்டும். கியர் பாக்ஸை இறக்கி இந்த வேலையைச் செய்யத் தெரிந்த மெக்கானிக் பாலக்கோட்டிலும் கிடைப்பார், காவேரிப்பட்டணத்திலும் கிடைப்பார். ஆனால் புது கிளட்ச் போட்ட பிறகு ஸ்கேனர் மாட்டி, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு மறுபடியும் பழக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் புது கிளட்சிலும் வண்டி உதறும். அந்த ஸ்கேனர் வசதி உள்ள பட்டறை எது என்று வண்டி வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.

பெரிய செலவு ஆக்சுவேட்டர்தான். அதனால், பிடித்த வண்டியின் சேஸ் நம்பரை வாங்கி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும் சர்வீஸ் சென்டருக்கும் போன் செய்து கிளட்ச் செட் என்ன விலை, ஆக்சுவேட்டர் என்ன விலை, கையிருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். விலையைக் கேட்டு மனசு பதறினால், அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கியர் விழவில்லை, மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்றதும் ஆக்சுவேட்டர் போச்சு என்று சொல்லிவிடுவார்கள். பேட்டரி சோர்ந்திருந்தாலும் ஏ.எம்.டி. இப்படித் தகராறு செய்யும். பிரேக் பெடலுக்கு மேலே உள்ள ஸ்விட்ச் கெட்டாலும் கியர் விழாது. இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் மற்றதைப் பேசுங்கள்.

டார்க் கன்வெர்ட்டர் பழைய முறை. கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலாக ஆயில் வழியாக இன்ஜின் சக்தி கியர் பாக்ஸுக்குப் போகும். கிராண்ட் ஐ10-இல் நான்கு கியர், ஹோண்டா பிரியோவில் ஐந்து கியர், மாருதி ஏ-ஸ்டாரில் நான்கு கியர். மேட்டில் இழுக்கும்போது ஏ.எம்.டி.யைவிட இது மென்மை, உழைப்பும் அதிகம். முந்தைய ஓனர் ஆயிலைக் காலாகாலத்தில் மாற்றியிருந்தால் தயங்காமல் வாங்கலாம். டிப்ஸ்டிக் இருந்தால் உருவிப் பாருங்கள். ஆயில் சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் வேண்டாம். உள்ளே பழுதானால் பிரித்துப் பார்க்கும் கைகள் குறைவு, பெரும்பாலும் பெங்களூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பிரியோவும் ஏ-ஸ்டாரும் இப்போது உற்பத்தியில் இல்லை. பிரியோவின் அடித்தளத்தில்தான் முதல் தலைமுறை அமேஸ் உருவானது என்பதால் பிரியோவுக்குப் பாகம் தேடுவது கொஞ்சம் எளிது.

சி.வி.டி. ஓட்டச் சுகமானது. ஜாஸ், மைக்ரா போன்றவற்றில் வந்தது. உள்ளே இரண்டு புல்லிகளும் ஓர் இரும்பு பெல்ட்டும். கெட்டால் பெரும்பாலும் முழு கியர் பாக்ஸையே மாற்றச் சொல்வார்கள். இரட்டை கிளட்ச் உள்ள போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யும் ஃபிகோ 1.5 பெட்ரோலும் ஓட்டுவதற்கு அருமை. குறைந்த பட்ஜெட்டில் நம் ஊரில் வைத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன். ஃபோர்டு 2021-இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததையும் நினைவில் வையுங்கள்.

[திரையில்: பெங்களூர் சிக்னலில் நிற்கும் கார்கள்]

இனி முக்கியமான விஷயம். நம் பகுதிக்கு வரும் ஆட்டோமேட்டிக் கார்களில் நிறைய பெங்களூரில் ஓடியவை. மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருக்கும், வண்டியும் பளபளவென்று இருக்கும். ஆனால் ஏ.எம்.டி. கிளட்ச் தேய்வது தூரத்தால் அல்ல, நின்று நின்று நகர்வதால். ஒவ்வொரு முறை ஊர்ந்து நகரும்போதும் பிளேட் உரசுகிறது. சிக்னலில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரிலேயே மேட்டில் நிறுத்திப் பழகிய கை என்றால் இன்னும் மோசம். கிருஷ்ணகிரியிலிருந்து சேலத்துக்கு நெடுஞ்சாலையில் ஓடியே கிலோமீட்டர் ஏறிய வண்டியின் கிளட்ச் அதைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும். கிலோமீட்டரைப் பார்த்து மயங்காமல், வண்டி எங்கே ஓடியது, கிளட்ச் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள், பில்லையும் காட்டச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதைச் சமதரையில் முடிக்காதீர்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் ஓசூர் சாலையில் மேலுமலை ஏற்றத்துக்குப் போங்கள். தருமபுரிக்காரர்கள் தொப்பூர் கணவாயில் இறங்கித் திரும்பி ஏறுங்கள். இன்ஜின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸ் போட்டதும் தாமதமில்லாமல் விழுகிறதா பாருங்கள். ஏற்றத்தில், கியரை நாமே மாற்றும் மேனுவல் மோடுக்கு மாற்றி, மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். இன்ஜின் மட்டும் கத்தி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இறக்கமும் முக்கியம். தொப்பூரில் எத்தனை விபத்து நடக்கிறது என்று நமக்குத் தெரியும். கீழே வரும்போது கியரைக் குறைத்துப் பிடித்து இன்ஜினை வைத்தே வேகத்தைக் கட்டுப்படுத்த மேனுவல் மோடு வேண்டும். ரெனோ க்விட் ஏ.எம்.டி.யில் இருப்பது திருகும் பட்டன்தான், கியரை நம் கையால் பிடித்துவைக்க வழியில்லை. விலை மலிவு என்றாலும், அடிக்கடி கணவாய் வழியாகப் போகிறவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

[திரையில்: ஆர்.சி. புத்தகம்]

காகிதம் பற்றி. டி.என். 24, 29, 70 வண்டி என்றால் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றலாம். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், அதை நீக்கப் படிவம் 35 வேண்டும். கே.ஏ. என்று தொடங்கும் கர்நாடக நம்பர் வண்டிக்கு அந்த ஆர்.டி.ஓ.விலிருந்து படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, புது நம்பர் எடுக்க வேண்டும். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு அலைச்சல் உண்டு. பதிவு 15 ஆண்டுதான் என்பதால் 2012 மாடல் வண்டிக்கு 2027-இல் புதுப்பிப்பு வரும். இந்த வரியையும் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகே பெங்களூர் விலை மலிவா என்று முடிவு செய்யுங்கள்.