கல்லில் நிற்கும் மாடுகள்

தலைமை ஏற்றிருக்கும் தமிழ் மன்றத் தலைவர் அவர்களே, பணிகளுக்கிடையே வந்து சிறப்பித்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய புரவலர் அவர்களே (புத்தகம் போதும் என்று போன ஆண்டே சொன்னேன்), முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஆயர் கலையில், அதாவது மாடு மேய்ப்பவர் வாழ்வைக் காட்டும் கலையில், மாடு எதைக் குறிக்கிறது? தாய்மை, வீரம், செல்வம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசப்போகிறேன்.

தாய்மைக்கு மாமல்லபுரம் போங்கள். கிருஷ்ண மண்டபத்துப் பாறைச் சிற்பம் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. முன்னால் நிற்கும் மண்டபம் விஜயநகர காலத்தில் வந்தது. கண்ணன் மலையைத் தாங்கி நிற்கிறான். அருகே ஓர் ஆயன் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறான். பசு அவனைச் சட்டையே செய்யாமல் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேல் மலை தொங்க, கீழே கறவை நடக்கிறது! என்னைக் கேட்டால், அங்கே பெரிய சிற்பம் அந்தப் பசுதான்.

வீரத்துக்கு நடுகல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கல்லில், கூடலூர் ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், மாண்டவனின் பெயர் தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் இருக்கிறது. ஆநிரைக்காக உயிர் விட்டவனுக்குக் கல் நட்டுப் படையல் வைத்த மண் இது. அந்தக் கற்கள் இன்று எங்கே கிடக்கின்றன? சுவர் இருந்தால்தான் சித்திரம். எந்த மேடையிலும் நான் இதைச் சொல்லாமல் இறங்கியதில்லை.

ஒரு கிராமத்துக் கிணற்றடியில் ஒரு பாட்டி துணி துவைத்துக்கொண்டிருந்தார். கல்லின் ஓரத்தில் கொம்பு போல ஏதோ தெரிந்தது. “பாட்டி, கொஞ்சம் எழுந்திருங்கள், புரட்டிப் பார்க்கிறோம்” என்றேன். “துவைத்து முடிக்கிறவரை ஒருவரும் தொடக்கூடாது” என்றார். நின்றோம். வாளியில் இருந்த துணியோடு, உடுத்தியிருந்த முந்தானையையும் அலசினார். பிறகு நால்வர் சேர்ந்து புரட்டினோம். அடியில் வில்லேந்திய வீரன், காலடியில் மாடும் கன்றும். பாட்டி வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ சாமி, இத்தனை காலமும் உன் முதுகிலா அடித்துத் துவைத்தேன்!” கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த நொடியே என் பக்கம் திரும்பி, “சரி தம்பி, எனக்கு வேறு கல் யார் தருவார்?” என்றார்.

நியாயமான கேள்வி! ஊராரைக் குறை சொல்லிப் பயனில்லை. துவைக்க ஒரு கல் போட்டுக் கொடுத்தால் நடுகல் தானாக எழுந்து நிற்கும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று மேடையில் முழங்கிவிட்டுச் சுவரைக் கல்லுடைப்பவரிடம் விட்டுவிடுகிறோம். வட்டாட்சியர் அம்மா இங்கேயே இருக்கிறார். அவரை வைத்துக்கொண்டே கேட்கிறேன். இந்த வட்டத்து நடுகற்களுக்கு ஒரு கணக்கெடுப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேடை, மேலே ஒரு கூரை. வேறொன்றும் கேட்கவில்லை.

செல்வத்தைப் பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் மணியடிக்கிறார். மனு வாசலருகே மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.