பாவாடை டக்கைப் பிரித்தீர்களா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். உள்ளே வரும்போது வாசலில் பையைச் சோதித்தவர் என் இஞ்சு டேப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, "தையல் நிகழ்ச்சிங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை, நான் டாக்டர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வேனில் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கிற குழுவில் 22 வருஷம் வேலை பார்த்தேன். ஸ்டெதஸ்கோப்பை மறந்துவிட்டுப் போன நாள் உண்டு. டேப்பை மறந்த நாள் கிடையாது.

பள்ளி வயதுப் பிள்ளைகளின் வளர்ச்சி பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உயரம், தூக்கம், கண், ரத்தசோகை, பல் என்று ஐந்து தலைப்பு எழுதி வந்திருக்கிறேன். உயரத்திலிருந்து தொடங்குகிறேன்.

எந்த ஊருக்குப் போனாலும் தாய்மார்கள் கேட்பது ஒன்றுதான். "டாக்டர், இவன் ஏன் வளரவே மாட்டேங்குறான்?" கேட்கும்போதே கண் பக்கத்தில் நிற்கிற பையன் மேல் போகும். அந்தப் பையன் இவனைவிட ஒரு ஜாண் உயரமாக இருப்பான். நான் திருப்பிக் கேட்பேன்: "போன வருஷம் எவ்வளவு இருந்தான்?" பதில் வராது. பக்கத்து வீட்டுப் பையனின் உயரம் தெரியும், தன் பையனின் போன வருஷ உயரம் தெரியாது.

அம்மாவும் அப்பாவும் குட்டை என்றால் பிள்ளையும் குட்டையாக இருக்கலாம். அது நோய் இல்லை. ஆனால் குட்டையான பிள்ளையும் வருஷா வருஷம் வளர வேண்டும். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து வயசுக்கு வருகிற காலம் வரை வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர். எடை இரண்டு மூன்று கிலோ. உயரம் வருஷத்துக்கு 4 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். பிள்ளை எவ்வளவு உயரம் என்பதை விடுங்கள். ஒரு வருஷத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது, அதைப் பாருங்கள்.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர். ஊர் பெயர் வேண்டாம்.

அங்கே வகுப்புச் சுவரிலேயே பெயின்ட்டில் அளவுகோல் வரைந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு ஒட்டகச்சிவிங்கி படம். நாலாம் வகுப்பில் 32 பிள்ளைகள். நர்ஸம்மா அளந்து சொல்லச் சொல்ல நான் ரிஜிஸ்டரில் எழுதுகிறேன், போன வருஷக் கணக்கு பக்கத்திலேயே இருக்கிறது. முதல் பையன் ஒரு வருஷத்தில் 9 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான். சபாஷ். அடுத்தவள் 10. அதற்கடுத்தவன் 9. தலைமையாசிரியைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாம் சத்துணவு முட்டைதான் டாக்டர்!" என்றார். முட்டை நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வகுப்பு முழுக்க 10 சென்டிமீட்டர் என்றால் எந்த முட்டையாலும் முடியாது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நானே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். என் உயரம் 157. நர்ஸம்மா பார்த்துவிட்டு, "161 மேடம்" என்றார். நாற்பது வயதுக்கு மேல் நான் வளர்ந்திருக்கிறேன்!

அப்போதுதான் கீழே குனிந்து பார்த்தேன். தரை பளபளவென்று இருந்தது. மே மாத லீவில் யாரோ புண்ணியவான் டைல்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார். கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரையை நாலு சென்டிமீட்டர் உயர்த்திவிட்டன. அளவுகோலின் முதல் நாலு கோடும் ஒட்டகச்சிவிங்கியின் குளம்பும் தரைக்குள் போய்விட்டன. பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்கூடமே நாலு சென்டிமீட்டர் மேலே ஏறியிருந்தது.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் நாலைக் கழித்துக்கொண்டே வந்தேன். ஒன்பதில் நாலு போனால் ஐந்து, சரி. பத்தில் நாலு போனால் ஆறு, சரி. ஒரு பெண்பிள்ளையின் பெயரில் பேனா நின்றுவிட்டது. அவளுக்கு மட்டும் ஐந்து என்று எழுதியிருந்தேன். எழுதும்போது அது கண்ணை உறுத்தவே இல்லை. புத்தகத்தில் இருக்கிற கணக்கு அதுதானே. ஐந்தில் நாலு போனால் ஒன்று. ஒரு வருஷத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர்.

என் டேப்பை எடுத்துத் திரும்ப அளந்தோம். அதே ஒன்றுதான். டீச்சரிடம் விசாரித்தால், "தங்கமான பிள்ளை டாக்டர், வாயே திறக்க மாட்டா. கொஞ்சம் தூங்கி வழிவா, அவ்வளவுதான்" என்றார். கன்னமெல்லாம் உப்பலாக இருந்ததால் பார்க்கிறவர்களுக்குச் சத்தான பிள்ளை. அம்மாவை வரச் சொன்னேன். அந்த அம்மா சொன்னதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "போன தீபாவளிக்கு எடுத்த பாவாடைக்கு, வளருவாளேன்னு மூணு டக்கு பிடிச்சுத் தைச்சோம் டாக்டர். இந்தத் தீபாவளிக்கும் ஒண்ணைக்கூடப் பிரிக்கல. காசு மிச்சம்னு நினைச்சேன்."

நான் டேப் வைத்துக் கண்டுபிடித்ததை அந்தப் பாவாடை ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டு சுரப்பு மிகக் குறைவு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். அடுத்த வருஷம் போனபோது 9 சென்டிமீட்டர் ஏறியிருந்தாள். இந்தத் தடவை என் டேப்பில், டைல்ஸ் மேலிருந்து அளந்த 9. டீச்சருக்கு வேறு புகார்: "இப்பல்லாம் பேச்சை நிறுத்த மாட்டேங்குறா டாக்டர்."

கதை நீண்டுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி கடிகாரத்தைப் பார்க்கிறார்.

வீட்டில் அளப்பது எப்படி? செருப்பு, சாக்ஸ் கூடாது. பெண்பிள்ளை என்றால் உச்சிக்கொண்டையை அவிழ்த்துவிடுங்கள். குதிகால், பின்பக்கம், தோள் சுவரில் படும்படி நிறுத்தி, நேரே பார்க்கச் சொல்லுங்கள். தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றைத் தலையில் படுக்கையாக வைத்து, அதன் ஓரம் சுவரில் அழுந்தும் இடத்தில் பென்சிலால் கோடு, பக்கத்தில் தேதி. காலையில் அளந்தால் எப்போதும் காலையிலேயே அளங்கள். சாயங்காலத்துக்குள் முதுகெலும்பு அமுங்கி ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். பொங்கலுக்கு ஒன்று, ஆடிப்பெருக்குக்கு ஒன்று, வருஷத்துக்கு இரண்டு தடவை போதும். ஒரே சங்கடம், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கோடு போய்விடும். அதனால் நோட்டில் எழுதி வையுங்கள். ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் அந்த நோட்டையும் வையுங்கள்.

ஆறாம் ஏழாம் வகுப்பு குரூப் போட்டோ வீட்டில் இருந்தால் பாருங்கள். பெண்பிள்ளைகள் பலர் பையன்களைவிட உயரமாக நிற்பார்கள். அவர்களுக்கு அந்தத் திடீர் வளர்ச்சி சுமார் இரண்டு வருஷம் முன்னாலேயே வந்துவிடும். பையன்கள் எட்டாவது, ஒன்பதாவதில் கிடுகிடுவென்று ஏறுவார்கள். பையனைப் பெற்றவர்கள் அதுவரை கோட்டைப் பார்த்துப் பொறுமையாக இருக்கலாம்.

உடனே கேட்பீர்கள், பாலில் கலக்கிற பவுடர் எது வாங்கலாம் என்று. அந்த டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், படியுங்கள். அந்தக் காசுக்கு முட்டை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கலாம். இந்த ஊரில் பிள்ளைகளின் வயிற்றுக்குப் பெரிய காரியம் செய்தது டப்பா இல்லை, சோறு. 1982 ஜூலை 1 தொடங்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவும்தான். காலையில் சாப்பிடாமல் வந்து பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளைகளை எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறேன். அதைப் பற்றித் தனியாகவே ஒரு நாள்...

தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். வேகமாகச் சொல்கிறேன். தூக்கம்: வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும். செல்போனை ஹாலில் சார்ஜ் போடுங்கள். ரத்தசோகை: பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரை, சின்ன வகுப்புக்கு ரோஸ், ஆறாம் வகுப்புக்கு மேல் நீலம். சாப்பிட்ட பிறகு போட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

பல்: ஆறு வயதில் கடைவாயில், எந்தப் பல்லும் விழாமலேயே, பின்னால் புதிதாக ஒன்று முளைக்கும். பால்பல், எப்படியும் விழப்போகிறது என்று நினைத்துச் சொத்தையை விட்டுவிடுகிறார்கள். அது பால்பல் இல்லை. அது போனால் திரும்ப முளைக்காது.

ஒரு விரல்தான் இருக்கிறது. கண்ணைப் பற்றி எழுதி வந்த தாள் பையிலேயே இருக்கட்டும். வணக்கம்.