33 டிகிரி வெயிலில் லெட்டஸ் வளருமா? ரகசியம் இலையில் இல்லை, வேரில் இருக்கிறது!

வணக்கம் மக்களே! சிங்கப்பூர் வெயிலுக்கு லெட்டஸ் தாங்காது, கேமரன் மலையிலிருந்து லாரி ஏறி வந்தால்தான் உண்டு என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். லிம் சூ காங்கில் ஒரு பண்ணை இதே புழுக்கத்தில், ஏசி இல்லாத வலைக்கொட்டகையில், மொறுமொறுவென்று லெட்டஸ் விளைவித்துக் காட்டியிருக்கிறது. அவர்கள் குளிர வைத்தது வேரை மட்டும்! அந்த வித்தையை வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இன்றைய வீடியோ.

[காட்சி: தொட்டியில் தண்டு நீண்டு நிற்கும் லெட்டஸ்]

அடிப்படையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். லெட்டஸ் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. அதற்குப் பிடித்தது 15 முதல் 20 டிகிரி, நமக்கோ நடுராத்திரியிலேயே 24, 25க்குக் கீழே இறங்குவது அபூர்வம். சூடு ஏறினால் செடி இலை விடுவதை நிறுத்திவிட்டுத் தண்டை நீட்டிப் பூக்கக் கிளம்பிவிடும். அப்போது தண்டைக் கிள்ளிப் பாருங்கள், வெள்ளைப் பால் சொட்டும். இலையில் கசப்பு ஏறுவதும் அப்போதுதான்.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருவோம்.

[காட்சி: வரைபடம். மேலே இலைகள், கீழே மூடிய பெட்டிக்குள் தொங்கும் வேர்கள்]

இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் பேராசிரியர் லீ சிங் கோங்கும் அவருடைய குழுவும் 1990களில் செய்த வேலைதான் அந்தப் பண்ணையின் வித்தை. மண்ணே கிடையாது. மூடிய பெட்டிக்குள் வேர்கள் அந்தரத்தில் தொங்கும், அவற்றின் மீது சத்துக் கரைத்த நீரைப் பனிபோலத் தெளிப்பார்கள், அந்த நீரை மட்டும் சுமார் 20 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். பெட்டிக்கு மேலே இலைகள் நம் ஊர்ச் சூட்டில்தான் நிற்கின்றன, ஆனாலும் செடி செழிக்கிறது! வெயிலில் அலைந்துவிட்டு வந்து காலைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் உடம்பு முழுக்க இதமாக இருக்குமே, அந்த மாதிரி.

ஏன் இப்படி? வேர் சூடானால் அது நீரை உறிஞ்சுவது குறைகிறது. ஆனால் மேலே இலை மதிய வெயிலில் நீரை விட்டுக்கொண்டே இருக்கிறது. வரவு குறைந்து செலவு கூடினால் என்ன செய்யும்? இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். துளை மூடினால் கரியமில வாயு உள்ளே போகாது, உணவு தயாரிப்பு படுத்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு, மண்ணில் ஈரம் இருந்தும் உங்கள் செடி துவண்டு கிடக்கிறதா? பெரும்பாலும் இதுதான் காரணம், அதைப் பார்த்துப் பதறி இன்னும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும்.

அதனால் தயவுசெய்து அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை முதலில் ஓரம் வையுங்கள். வெயில் பட்டால் அதன் மண் காற்றைவிடச் சூடாகிவிடும். ஈரச்சந்தையில் பழக்கடைக்காரர்கள் தூக்கிப்போடும் வெள்ளை ஸ்டைரோஃபோம் பெட்டி இருக்கிறதே, அதைக் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் லெட்டஸுக்கு இதைவிட நல்ல தொட்டி கடையில் இல்லை! வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், சுவர் சூட்டை உள்ளே விடாது. அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள், சிமெண்டுத் தரையில் அப்படியே வைக்காமல் இரண்டு செங்கல் மீது ஏற்றி வையுங்கள். மண், நன்றாக மட்கிய உரம், தேங்காய்நார்த் தூள் கலந்து நிரப்பி, மேலே காய்ந்த இலையை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். காலை வெயில் போதும், மதிய வெயிலுக்கு நிழல் வலை. ஹோஸில் தேங்கிய தண்ணீர் கொதிக்கும், அதை முதலில் வாளியில் பிடித்துவிட்டு, சூடு இல்லாத தண்ணீர் வந்த பிறகு ஹோஸைச் செடிக்குக் காட்டுங்கள்.

"அக்கா, விதை முளைக்கவே இல்லை" என்பவர்களுக்கு: மண்ணுக்குள் புதைத்திருப்பீர்கள். லெட்டஸ் விதைக்கு வெளிச்சம் வேண்டும், மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் விஞ்ஞானிகள் ஈரமான லெட்டஸ் விதைமீது சிவப்பு ஒளியையும், அதைவிட அலைநீளம் கூடிய தொலைசிவப்பு ஒளியையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார்கள். கடைசியாகப் பட்டது சிவப்பு என்றால் முளைத்தது, தொலைசிவப்பு என்றால் தூங்கியது! இத்தனூண்டு விதைக்குள் இப்படி ஒரு கணக்கா! சூடான மண்ணிலும் அது தூங்கிவிடும், அதனால் ஈர டிஷ்யூவில் சுற்றிக் குளிர்பெட்டியில் சில நாள் வைத்துவிட்டுச் சாயங்காலம் தூவுங்கள்.

எந்த ரகம்? உருண்டையாகக் கட்டும் ஐஸ்பெர்க் வேண்டவே வேண்டாம். உதிரி இலை ரகம் எடுங்கள், இல்லையென்றால் யூ மாய் சாய். சோற்றுக்கடையில் பூண்டு போட்டு வதக்கித் தருவார்களே, அதுவும் லெட்டஸ்தான், நம் வெயிலை நன்றாகவே தாங்கும். வெளி இலையாகப் பறியுங்கள், பெரிதாகட்டும் என்று காத்திருந்தால் கசப்புதான் மிஞ்சும்.

இயற்கை உரம் என்று பச்சைக் கோழி எருவைப் போடாதீர்கள், இது சமைக்காமல் சாப்பிடும் இலை, கிருமி வரும். மண்புழு உரம் போதும். அசுவினிப் பூச்சி வந்தால் இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போய்விடும்.

தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விடுங்கள், தடுப்புச்சுவர் மேல் எதையும் வைக்காதீர்கள். பெட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்.

இதற்கெல்லாம் நேரமில்லையா? பொன்னாங்கண்ணித் தண்டை நான்கு ஒடித்து அதே பெட்டியில் நடுங்கள், இந்த வெயில் அதற்குச் சொந்த ஊர். அதன் நெருங்கிய உறவான பிரேசிலியன் கீரையும் அப்படித்தான், தளிரைக் கொஞ்சமாகச் சாலட்டில் கிள்ளிப் போடலாம், நிறையச் சாப்பிடுவதானால் வதக்கிவிடுங்கள். உங்கள் தாழ்வாரம் எந்தத் திசை பார்க்கிறது, எத்தனை மணிநேரம் வெயில் விழுகிறது என்று கீழே எழுதுங்கள், எந்தக் கீரை சரிப்படும் என்று ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறேன்.